நாற்பத்தொன்றாம் எண் பினியன்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்ல வேண்டாம். வண்டிகளுக்கு சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். ரெக்சின் கோணலாக வெட்டுப்பட்டால் கத்தரிக்கோலைத் திட்டுகிறவள் நான். அப்படிப்பட்டவளைப் பழைய சாமான் கடைக்காரர்கள் ஒரு வருஷம் அலையவிட்டால் வாயிலிருந்து என்ன வரும்? முத்தா உதிரும்?

அலைந்தது ஒரு பினியனுக்காக. வேனின் பின் சக்கரங்களுக்கு நடுவில், அச்சில் இரும்புக் குடம் மாதிரி ஒன்று இருக்குமே, அதற்குள் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. தட்டு அகலத்தில் இருப்பது கிரவுன் வீல். ஒரு தண்டின் நுனியில் சின்னதாக இருப்பது பினியன். என்ஜினின் ஓட்டத்தைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடுவது இந்த இரண்டும்தான். இவை இல்லாவிட்டால் என்ஜின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

வேன் அம்மாவுடையது. இருபத்தெட்டு வருஷம் அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். கிரவுன் வீல் பல் உடைந்த அன்று என் கடைக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் ஏறிய வண்டி, ஒன்பது வருஷம் அங்கேயே கிடந்தது. அம்மாவுக்கு எழுபத்தைந்து முடிகிற வெள்ளிக்கிழமையோடு லைசென்ஸ் முடிகிறது. இனிப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கண் டாக்டர் ஒன்றரை வருஷத்துக்கு முன்பே கையை விரித்துவிட்டார். வெளியே வந்ததும் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்குள்ள என் வண்டியை ஒரு சுத்து ஓட்டிட்டேன்னா போதும்டி. அப்புறம் லைசென்ஸ் எங்கயோ போகட்டும்."

வாயைத் திறந்து எதுவும் கேட்காதவள் கேட்ட ஒரே விஷயம் அது. நானும் தம்பியும் வேலையை ஆரம்பித்தோம். அவன் லாரி மெக்கானிக். என்ஜின் அவன் பொறுப்பு, சீட்டும் கூரைத் துணியும் என் பொறுப்பு. அந்த வேனைச் செய்த கம்பெனியை இழுத்து மூடி இருபது வருஷம் ஆகிவிட்டதால் ஒவ்வொரு சாமானுக்கும் நாயாய் அலைய வேண்டியிருந்தது. பிரேக் டிரம் ஒரு ஊரில், கதவுக் கைப்பிடி இன்னொரு ஊரில். கடைசியில் தம்பி எங்கிருந்தோ கிரவுனும் பினியனும் கொண்டுவந்தான். எந்த வண்டியிலும் ஓடாத புது செட், மெழுகுத் தாள்கூடக் கிழியவில்லை. அன்று அவனைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து கொட்டகைக்குப் போனால், தம்பி ஒரு வெள்ளைச்சட்டைக்காரரை அழைத்துவந்து வண்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறான். அந்த ஆள் பானெட்டைத் தடவிக்கொடுத்து, "அருமையான வண்டி" என்கிறார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அம்மா ஓட்டுவதற்குள் விலை பேசுகிறானா? "வெளிய போடா" என்றேன். "அக்கா, அவர் யாருன்னா..." என்று ஆரம்பித்தான். அவர் யாராயிருந்தால் எனக்கென்ன? அவனுடைய டூல்ஸ் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். பெட்டி வாயைப் பிளந்துகொண்டது. ஸ்பேனரும் போல்ட்டும் சாக்கடை வரைக்கும் உருண்டன. வெள்ளைச்சட்டைக்காரர் வந்த வழி தெரியாமல் ஓடினார்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான். "அக்கா, கிரவுன் வீல் எங்க வெச்சிருக்கே?"

"எடைக்குப் போட்டாச்சு. உன் சம்பந்தப்பட்டது எதுவும் இங்க இல்ல" என்று போனை வைத்தேன். பொய்தான். கிரவுன் வீல் என் வெட்டு மேஜைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அம்மாவிடமும் அதே பொய்யைச் சொன்னேன். இனி இந்த வீட்டில் அவன் பேச்சை எடுத்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவேன் என்றும் சொல்லிவைத்தேன்.

பினியனைத்தான் காணவில்லை. பேரிங் ஏற்றுவதற்காகத் தம்பி அதை எடுத்துப்போனது ஞாபகம் வந்தது. அப்படியென்றால் அது பெட்டியில் இருந்திருக்கிறது. மறுநாள் தெருவைச் சல்லடை போட்டுச் சலித்தேன். ஒரு வாஷர்கூட இல்லை. எவனோ பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறான், திருட்டுப் பயல்.

போனால் போகட்டும், சின்னச் சாமான்தானே என்று வேறொரு பினியன் வாங்கி, வேறொரு மெக்கானிக்கை வைத்து மாட்டினேன். அந்த மெக்கானிக்குக்குப் 'பொறுமை' என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் "பொறுமைக்கா, பொறுமை" என்பார். என்னிடம் வந்து மாட்டினாரே, அவர் தலையெழுத்து. வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தி கியர் போட்டதும் அடியிலிருந்து ஒரு ஊளை கிளம்பியது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. பொறுமை எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு சக்கரங்களையும் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். கிரவுனில் ஊசியால் கீறினது போல 41. பினியனில் 17.

"இது ரெண்டும் ஜோடிக்கா. ஃபேக்டரியிலேயே சேர்த்து ஓட்டிப் பார்ப்பாங்க. ஒண்ணோட பல்லு ஒண்ணுக்குப் பழகினதும் ரெண்டுலயும் ஒரே நம்பரைக் கீறிடுவாங்க. பிரிச்சா ரெண்டும் பழைய இரும்புதான்."

"இதை மாட்டறதுக்கு முன்னாடி பாத்திருக்கக் கூடாதா?"

"சொல்ல வந்தேன்கா. 'சீக்கிரம் மாட்டுய்யா'ன்னு கத்தினீங்க."

அன்றிலிருந்துதான் கடை கடையாக ஏறினேன். பொறுக்கினவன் எங்காவது விற்றுத்தானே இருப்பான்? முழு செட் எங்குமே இல்லை. ஒற்றைப் பினியன்கள் கிடைத்தன. 9, 23, 56 என்று வாய்க்கு வந்த எண்ணெல்லாம் இருந்தது, 41 மட்டும் இல்லை. இதற்கிடையில் அம்மா இரண்டு மூன்று தடவை, "அவன் என்ன சொல்றான்னா, அந்தப் பினியன்..." என்று ஆரம்பித்தாள். சொன்ன சொல் மாறாமல் தட்டை விட்டு எழுந்தேன். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

கடைக்காரர்களிலேயே எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டியவர் 'இருக்கு'. அது அவருடைய பட்டப்பெயர். கப்பல் நங்கூரம் கேட்டாலும் "இருக்கு" என்பார். மாதம் ஒருமுறை போவேன், "இந்த வண்டி பினியன்" என்பேன், "இருக்கு" என்பார், எடுத்து வைப்பார், நான் எண்ணைப் பார்ப்பேன், மேஜையில் டொம்மென்று போட்டுவிட்டு நாலு வார்த்தை திட்டி வெளியேறுவேன். லைசென்ஸ் முடிய மூன்று நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலையில் அவர் கடை திறந்ததும் போய் நின்றேன். வழக்கம்போல எடுத்துவைத்தார். 30. என்னால் டொம்மென்று போடக்கூட முடியவில்லை. அங்கிருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, இன்னைக்குத் திட்டலையா?" என்றார்.

"திட்டி என்ன ஆகப்போகுது? நாப்பத்தொண்ணு கிடைக்கவா போகுது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாப்பத்தொண்ணா? உங்களுக்கா? உங்ககிட்ட இருக்கறது நாப்பத்தொண்ணு கிரவுனா?"

"ஆமா. ஏன்?"

"அடக் கடவுளே! ஒருத்தர் வருஷம் பூரா நாப்பத்தொண்ணு கிரவுன் கேட்டு வந்துட்டுப் போறாரும்மா. பினியன் அவர்கிட்ட இருக்கு."

"ஏன்யா இதை முன்னாடியே சொல்லல?"

"நம்பர் என்னன்னு நீங்க சொன்னதே இல்லையே! கேக்க வாயெடுத்தா வாசல் தாண்டி இருப்பீங்க."

எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. திருடன் அகப்பட்டுவிட்டான்! என் தெருவில் பொறுக்கிய பினியனை வைத்துக்கொண்டு, கிரவுனும் வேண்டுமாமே துரைக்கு! இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் லாரிப் பட்டறை. ஒரு லாரிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"யாருய்யா இங்க நாப்பத்தொண்ணு வெச்சிருக்கறது? திருட்டு சாமானை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் ஜோடி தேடறியா? வெளிய வாய்யா!"

கால்கள் அசையாமல் கிடந்தன. பிறகு மெதுவாக, முகமெல்லாம் கிரீசோடு தம்பி வெளியே வந்தான். இந்தப் பட்டறைக்கு மாறியிருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது.

"அன்னைக்குச் சாயங்காலம் நானே வந்து ஒண்ணு விடாம பொறுக்கினேன்கா" என்றான். "பினியன் சாக்கடை ஓரமா கிடந்துச்சு."

"அப்ப எதுக்குடா கிரவுனை ஊரெல்லாம் தேடினே? அது என்கிட்டதானே இருக்கு!"

அவன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "எடைக்குப் போட்டுட்டேன்னு நீதானே சொன்னே!"

"சொன்னா நம்பிடுவியா? என்னை உனக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. நீ போட்டிருப்பேன்னு நம்பற அளவுக்குத் தெரியும்."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு பினியனை வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். செய்தேனா? "அம்மா வண்டியை விக்கப் பாத்தவன்தானே நீ" என்று ஆரம்பித்தேன். அவனும் விடவில்லை. வெள்ளைச்சட்டைக்காரர் வாங்க வந்தவர் இல்லையாம். அந்த செட்டைக் கொடுத்தவராம். அது போய்ச் சேரும் வண்டியைக் காட்டுவதாகச் சொன்ன பிறகுதான் கொடுத்தாராம்.

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"வாயைத் தொறக்கறதுக்குள்ள பெட்டி தெருவுல கிடந்துச்சே!"

அதற்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. அம்மாவை யார் டாக்டரிடம் அழைத்துப்போகிறார்கள், யார் வெறும் போனில் விசாரிக்கிறார்கள், சின்ன வயதில் வேனின் கண்ணாடியை உடைத்தது யார், அடி வாங்கினது யார். பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோதுதான் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது தெரிந்தது. பாதியில் விட்ட லாரியை முடித்துக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்றான். அவன் கொட்டகைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது.

வியாழன் முழுக்க வேலை செய்தான். நான் கடையை மூடிவிட்டு விளக்கைப் பிடித்தேன், துடைத்தேன், கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். இரண்டின் பற்களும் ஒன்றோடொன்று எங்கே உரசுகின்றன என்று மை தடவிப் பார்க்க வேண்டும், இடுக்கில் மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். முடி அளவு தப்பினாலும் ஊளைதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா வந்தாள். ஷூ போட்டிருந்தாள், கைப்பையில் லைசென்ஸ். முட்டி வலியோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்குத் தம்பி, "இன்னும் ஒரே ஒரு தகடு, துளி தேய்க்கணும்" என்றான். லேத் பட்டறைக்கு ஓடினேன். கதவில் பூட்டு. சட்டரை ஓங்கி உதைத்தேன், கால்தான் வலித்தது.

திரும்பி வந்து, "நாளைக்குக் காலையில முடிஞ்சிடும்மா" என்றேன்.

"நாளைக்கு நான் டிரைவர் இல்லையேடி" என்று அம்மா எழுந்து வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டி தயார். சாவியை அம்மாவிடம் நீட்டினேன். "பின்தெருவுல ஒரே ஒரு சுத்தும்மா. யார் பாக்கப் போறாங்க?"

"இருபத்தெட்டு வருஷம் ஊரார் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போயிருக்கேன். ஒரு நாள் காகிதம் இல்லாம ஓட்டினதில்ல. இப்ப புதுசா ஆரம்பிக்கணுமா?"

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"புதன்கிழமை காலையிலேயே இவன் பட்டறைக்குப் போயிட்டியாமே. சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணினீங்க?"

தம்பிதான் சொன்னான். "சண்டை போட்டோம்மா."

"அதை சனிக்கிழமைக்கு வெச்சிருக்கலாமே" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊரில் இருக்கும் அத்தனை பேர் மேலும் கோபப்பட்டாகிவிட்டது. கடைக்காரர், பொறுமை, தம்பி, இல்லாத ஒரு திருடன், பூட்டின கதவு. இப்போது வந்த கோபத்தை எறிய எனக்கு ஒரு தெருவும் இல்லை. அது என் மேலேயே வந்தது, என்னிடமே நின்றது.

அம்மா வண்டியின் முன்பக்கம் சுற்றிப் போய், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறினாள். அந்த சீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தம்பி பின்னால் பிள்ளைகள் சீட்டில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். நான் ஓட்டினேன். வண்டிக்கு அடியில் ஒரு சின்ன முனகல்கூட இல்லை. நாற்பத்தொன்றும் நாற்பத்தொன்றும் அவ்வளவு சுத்தமாக ஓடின.

அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு திருப்பம் வரும்போதும் அவளுடைய வலது கால் தரையை அழுத்தியது. அந்தப் பக்கம் பிரேக் இல்லை.