கேட்கீப்பர் விட்ட இடைவெளி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை சாப்பிடுவதற்காக வாங்கியதுதான். ஆனால் விடுமுறை முடியப்போகிற நாட்களில் அது என் மருமகள் கைக்குப் போய்விடும். அவள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறாள். வண்ண அட்டை, கத்தரிக்கோல், ஒட்டும் டேப், நடுவில் விரித்துப் போட்ட பெரிய தாள், அதில் வாரத்துக்கு ஒரு கட்டம். மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். நான் மாட்டேன். மேஜையில் என் மூலை மட்டும் எப்போதும் துடைத்துக் காலியாக இருக்கும். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மரியாதை தெரிந்த பெண்.

இந்த முறை அவளுக்கு நடத்தக் கிடைத்தது ஓர் ஓரங்க நாடகம். ரயில்வே கேட்டில் ஒரு கேட்கீப்பர். அவருக்கு ஒரு மகள். வீட்டை விட்டுப் போகிறவள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பெட்டியோடு நிற்கிறாள். ரயில் வரப்போவதால் கேட் மூடியிருக்கிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். ரயில் வந்து போகும் வரை இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் அவர் கேட்டைத் திறக்கிறார். அத்தோடு திரை. அவள் உள்ளே வந்தாளா, போய்விட்டாளா என்று எழுதியவர் சொல்லவில்லை. பொறுப்பில்லாத முடிவு என்று நான் அப்போதே சொன்னேன்.

"அதுதான் மாமா எனக்கு வேணும்" என்றாள் மருமகள். "கடைசி வாரம் பிள்ளைங்களே எழுதணும். கேட் திறந்ததும் அவ என்ன சொல்லுவான்னு."

அவளுடைய திட்டம் எனக்குப் பிடித்திருந்தது. முதல் வாரம் புத்தகத்தையே திறக்கக் கூடாது, காதால் கேட்பது மட்டும்தான். இரண்டாம் வாரம் வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கேட். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொருவராக நின்று படிக்க வேண்டும். அருஞ்சொற்களுக்குத் தனி அட்டை. எல்லாம் தயார். காதால் கேட்கத்தான் ஒன்றும் இல்லை. புத்தகத்தோடு வந்த ஒலிப்பதிவில் யாரோ வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி பேசியிருந்தார்கள்.

"மாமா, ஒரு உதவி. மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"என்னன்னே சொல்லாம மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னா எப்படிம்மா?"

"கேட்கீப்பரா நீங்க படிக்கணும். போன்ல பதிவு பண்ணிக்கறேன்."

"நான் என்ன நாடகக்காரனா?"

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "இல்லையா பின்ன? கல்யாண வீட்டுல போய் உங்க தம்பியைப் பார்த்துச் சிரிக்கறீங்களே, அதுக்கு என்ன பேராம்?"

அவளுக்கு நான் பதில் சொல்வதில்லை. மருமகளிடம் சம்மதித்தேன். நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குற்றச்சாட்டை நான் ஆங்கிலத்தில் வாசித்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். அந்தக் குரல் வீணாகப் போவதில் எனக்கும் விருப்பமில்லை.

வீட்டில் சத்தம் குறைந்த அறை மாடிப்படிக்குப் பின்னால் இருப்பது. அது பெரியவளின் அறை.

எனக்கு ஒரு மகள், ஒரு மகன். பெரியவளைப் பற்றி இந்த வீட்டில் பேச்சு கிடையாது. ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவள், மாலையில் பதிவுத் திருமணம் முடிந்தது என்று போனில் சொன்னாள். பையன் யார், எப்படி என்பதற்குள் நான் போகவே இல்லை. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் என் கட்சி அதுதான்.

அறையில் அலமாரி நிறையப் போர்வையும் படுக்கை விரிப்பும் இருந்தன. துணி இருந்தால் எதிரொலி வராதாம். அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, மடித்த விரிப்புகளின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள் மருமகள். மின்விசிறியை நிறுத்தினாள். அது ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'ச்சு' என்று ஒரு சத்தம் வரும். "அப்பா, இந்த ஃபேன் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுது, மாத்துங்க" என்று பெரியவள் பள்ளிக்கூட நாளிலிருந்தே நச்சரித்திருக்கிறாள். "நீ செய்யற காரியத்துக்குக் கொட்டாம என்ன பண்ணும்?" என்பேன். மாற்றவில்லை. காற்று நன்றாகத்தான் வந்தது.

"மகளோட வரியை வேற ஒருத்தங்க படிப்பாங்க மாமா. நீங்க உங்க வரியைச் சொல்லிட்டு, அவ வரியை மனசுக்குள்ள படிச்சுக்கோங்க. முடிஞ்சதும் அடுத்ததைச் சொல்லுங்க. அந்த இடைவெளியில நான் அவங்க குரலை வெச்சுடுவேன்."

மனதுக்குள் படிப்பதற்கும் ஒரு குரல் வேண்டியிருக்கிறது. அது எந்தக் குரல் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. படித்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முடித்து வெளியே வந்தபோது, "சாட்சி பிறழாம சொன்னாரா?" என்று கேட்டாள் என் மனைவி.

பிறகு ஒரு மதியம் நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மேஜையில் மருமகள் மடிக்கணினியை வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். என் குரல் கேட்டது. 'யார் அங்கே நிற்பது?' என்று ஆங்கிலத்தில் அதட்டினேன். எனக்கே திருப்தியாக இருந்தது. உடனே ஒரு பெண் குரல்: 'நான்தான் அப்பா.'

சிலர் வாக்கியத்தை நடந்து போய் முடிப்பார்கள். இவள் ஓடிப்போய்ப் பிடிப்பாள். பிடித்த பிறகு லேசாக மூச்சு வாங்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எந்த மொழியில் பேசினாலும், எந்தப் பெட்டிக்குள் இருந்து பேசினாலும் எனக்குத் தெரியாமல் போகுமா?

செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"யாரது?"

"தெரிஞ்சுதானே மாமா கேக்கறீங்க."

"யாரைக் கேட்டுச் செஞ்சே?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க." அவள் எழுந்து நின்றுகொண்டுதான் பேசினாள். "அவங்களும் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்தான் நடத்தறாங்க. என்னைவிட நல்லாப் படிப்பாங்க. நான்தான் கேட்டேன். அத்தைக்குத் தெரியும்."

அத்தைக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஈ பறக்காது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் மாமா. நீங்க விட்ட இடத்துல அவங்க குரலை வெச்சா, அளவெடுத்துத் தெச்ச மாதிரி உட்காருது. ஒரு இடத்துலயும் நான் இழுக்கல, சுருக்கல. அவங்க உங்க பதிவைக் கேக்கவே இல்ல. கடைசியில ஒரு இடம்தான் இடிக்குது."

அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள். மகள் சொல்கிறாள்: 'தினமும் இந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்குக் கையசைத்தேன் அப்பா. நீங்கள் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.' அவள் பாதியில் இருக்கும்போதே என் குரல் மேலே ஏறி மிதித்துக்கொண்டு போனது.

"அந்த வரிக்கு மட்டும் நீங்க இடமே விடல."

"என் குரலை எடுத்துடு" என்றேன். "என் தம்பி பேத்தி உன் வகுப்புலதான் இருக்கா. வீட்டுல முகம் பார்க்காதவங்க பெட்டிக்குள்ள கொஞ்சிக்கறாங்கன்னு நாளைக்கு நாலு பேர் பேசணுமா? எடுத்துடு."

"சரி மாமா."

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மேஜையில் என் மூலையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. சனிக்கிழமை மாலை அவளுடைய பள்ளிக் கணக்கு வாத்தியார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து விட்டுவிட்டு, தேநீர் குடித்து, எனக்கு வணக்கம் வைத்துவிட்டு அந்த அறைக்குள் போனார். புது கேட்கீப்பர் அவர்தான்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு எல்லாம் கேட்டது. மனிதர் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒவ்வொரு சொல்லையும் ஒரே உயரத்தில் அடுக்கினார். ரயில் வருகிறது. கேட் மூடியிருக்கிறது. ஆகவே நீ அங்கேயே நில். நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாக என் மனைவி சொல்லிவிட்டுப் போனாள். பார்த்தேன், நேராகத்தான் இருந்தது.

பிறகு மருமகள் ஒரு துண்டைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது, ஆனாலும் கேட்டது.

'அப்பா' என்றாள் பெரியவள்.

'சொல், என் மகளே' என்றார் கணக்கு வாத்தியார்.

எழுந்துவிட்டேன். என்ன அநியாயம் இது? குடும்ப மானம் என்று நான் கட்டிக் காத்ததெல்லாம் எதற்கு? என் பெண் அப்பா என்று கூப்பிடுகிறாள், முன்பின் தெரியாத ஒருவர், அதுவும் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கிற குரலில், மகளே என்கிறார். ஒரு வகுப்பே உட்கார்ந்து அதைக் கேட்கப் போகிறது. இதைவிட ஒரு குடும்பத்துக்கு வேறு என்ன கேவலம் வேண்டும்?

கதவைத் திறந்தேன். "சார், மன்னிக்கணும். அந்த வரியை அப்படிச் சொல்லக் கூடாது."

"எப்படிச் சொல்லணும் சார்?" என்று பாவமாகக் கேட்டார் அவர். "நான் சமன்பாட்டைத் தவிர எதையும் சத்தமாப் படிச்சதில்ல."

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"ரெண்டும் பசங்க."

"அதான்."

அவர் புத்தகத்தை என் கையில் கொடுத்த வேகத்தைப் பார்த்தால் பாவம், அவரும் கஷ்டப்பட்டுத்தான் இருக்கிறார். "டீச்சர், நான் தப்பிச்சேன்" என்று சொல்லி, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போற விஷயம். தரம்னு ஒண்ணு இருக்கு" என்றேன்.

"ஆமா மாமா."

"முதல்லேருந்து எடுக்கலாம். ஃபேனைப் போடு."

"சத்தம் பதிவாகிடும் மாமா."

"ஆகட்டும். எனக்கு வேர்க்குது."

ச்சு, ச்சு என்று அது ஓடத் தொடங்கியது. நான் நின்றுகொண்டே படித்தேன். 'யார் அங்கே நிற்பது?' என்றேன். இந்த முறை அதட்டவில்லை. கேட்கீப்பர் என்றால் கத்த வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மகளுடைய ஒவ்வொரு வரிக்கும் மனதுக்குள் ஓடி, மூச்சு வாங்கி, பிறகு என் வரிக்கு வந்தேன். சிக்னல் வரி வந்தது. கண்ணை எடுக்காமல் அதை முழுக்கப் படித்தேன். அதற்கு அவர் சொல்லும் பதில் புத்தகத்தில் ஒரு சின்ன வரிதான்: 'பார்த்தேன், மகளே.' சொன்னேன். ரயில் வந்தது, போனது.

'கேட் திறந்திருக்கிறது.' கடைசி வரி அது.

மருமகள் போனை நிறுத்தக் கையை நீட்டினாள். நான் என் கையை உயர்த்தித் தடுத்தேன். அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை என்னிடம் காட்டினாள். அங்கே மகளுக்கு வசனம் இல்லை. அது எனக்குத் தெரியாதா? உயர்த்திய கையை இறக்காமல் நின்றேன். அலமாரியில் போர்வைகள், அதன் மேல் ஓடிக்கொண்டிருக்கும் போன், தலைக்கு மேல் அந்த உச்சுக் கொட்டல். சுவரில் பெரியவள் பள்ளி நாளில் ஒட்டிய கால அட்டவணையின் டேப் தழும்பு நான்கு மூலையிலும் அப்படியே இருந்தது. வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டை இறக்கினார்கள். வாசற்படியில் யாரும் ஏறவில்லை.

கை வலித்த பிறகு, "போதும்" என்றேன்.

அவள் அதை வெட்டவில்லை. "பிள்ளைங்களுக்கு அப்படியே போடறேன் மாமா. இந்த இடத்துலதான் அவங்க எழுதணும்" என்றாள். பெரிய தாளில் கடைசிக் கட்டத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள். முழுப் பதிவையும் பெரியவளுக்கு அனுப்பப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மேஜையில் என் மூலையில் சாப்பிட உட்கார்ந்தேன். அட்டைகளைக் கட்டுக் கட்டாகப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த மருமகளின் போன் ஒலித்தது. எடுத்துப் படித்தாள். என் மனைவி கரண்டியோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, பதிவைக் கேட்டுட்டாங்களாம்."

நான் தண்ணீர் குடித்தேன்.

"ஒண்ணு கேக்கறாங்க. அந்த ஃபேனை இன்னும் மாத்தலையான்னு."

"பாடத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல மாமா. இது மட்டும்தான்."

பெரியவளுக்கு எப்போதும் வேண்டாததுதான் முதலில் கண்ணில் படும்.

"என் வீட்டு ஃபேனைப் பத்தி நான் எதுக்குப் போன்ல பதில் சொல்லணும்?" என்றேன். "தெரியணும்னா வந்து பார்த்துக்கட்டும்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினாள். என் மனைவி கரண்டியால் கண்ணைத் துடைக்கப் போய், சட்டென்று புடவைத் தலைப்பை எடுத்துக்கொண்டாள்.

"இரு" என்றேன். "நான் சொன்னேன்னு எழுதாதே."

"வேற யார் சொன்னதா மாமா எழுதறது?"

தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன்.

"கேட்கீப்பர் சொன்னார்னு எழுது."