பில்லின் முதுகில் அப்பா

ஓவியக்காரிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கையில் பேனா கிடைத்தால் அகப்பட்ட தாளில் வரைந்துவிடுவாள். நல்ல தாள் கட்டுக்கட்டாக அலமாரியில் இருக்கும், அதைத் தொட மனசு வராது, விலை அப்படி. பையில் கிடக்கிற பில்லைத்தான் திருப்பிப் போடுவாள். பெயின்ட் கடை பில்லில் ஒரு பஸ் கண்டக்டர், ஏணி வாடகை ரசீதில் தூங்குகிற நாய், பிரஷ் வாங்கிய பில்லில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பாதம். யாராவது "நல்லா இருக்கே" என்றால் போதும், கிழித்துக் கொடுத்துவிடுவாள். சொந்தத் தொழில் செய்கிறவள் இப்படிப் பில்லை வாரி வழங்கலாமா என்று சொல்லிப் பார்த்தவர்கள் ஓய்ந்துபோனார்கள். பட்டால்தானே தெரியும்? வரி ஆபீசிலிருந்து கடிதம் வந்தபோது பட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நீச்சல்குளத்தின் சுற்றுச்சுவர் முழுக்க மீனும் ஆமையும் வரைந்திருந்தாள். அவளுக்கு வந்த வேலைகளிலேயே பெரியது அது. பெயின்ட்டுக்கு மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆயிற்று, எல்லாம் ரொக்கம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் பில்லோடு நேரில் வரவேண்டும், இல்லாவிட்டால் அந்தச் செலவு தள்ளுபடி என்று கடிதம் சொன்னது.

அவளுக்குக் கணக்கெழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே விளக்கினார்.

"செலவு இல்லன்னு ஆயிட்டா அவ்வளவும் லாபம்னு எடுத்துப்பாங்க. வரி, அபராதம், வட்டி எல்லாம் சேந்து எண்பத்தஞ்சாயிரம் வரும்."

"பேங்க்ல தொண்ணூறுதான் சார் இருக்கு. அது ரூமுக்கு."

அவள் வேலை செய்கிற அறைக்குச் சொந்தக்காரர் அட்வான்ஸை ஏற்றிவிட்டார். திங்கட்கிழமை தொண்ணூறாயிரம் வைத்தால் அறை அவளுக்கு, இல்லாவிட்டால் பழைய டயர் வியாபாரி ஒருவருக்கு. வடக்கு ஜன்னல் இரண்டு, பத்தடி உயரப் பலகை நிற்கிற அளவு கூரை. அப்படி ஓர் அறை இனி இந்த வாடகைக்குக் குதிரைக்கொம்பு. அறை போனால் பெரிய வேலை போகும், பெரிய வேலை போனால் பிறந்தநாள் அட்டைக்கு முயல்குட்டி வரைந்து காலம் தள்ள வேண்டியதுதான்.

"கடையில நகல் வாங்கலாமா?" என்று கேட்டார் அவர்.

"கடையையே மூடிட்டாங்க சார்."

"அப்ப ஒரிஜினல்தான் வேணும். எங்க வச்சிருக்கீங்க?"

அவளுக்கு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். தங்கை வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.

பெயின்ட் வாங்கிய அன்று கடை வாசலிலேயே போன் வந்தது, அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தங்கை, இந்தப் பக்கம் இவள். சும்மா உட்கார்ந்திருந்தால் அழுதுவிடுவோம் என்ற பயத்தில் பையைத் துழாவி அந்த நீளமான மெல்லிய மஞ்சள் பில்லை எடுத்துக் குறுக்குவாட்டில் பிடித்து, படுத்திருந்த அப்பாவை வரைந்தாள். மறுநாள் காலையில் அப்பா இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும் தங்கை அந்தப் படத்தைக் கேட்டாள், இவள் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள். தங்கை தையல் மிஷின் முன்னால் இருந்தாள், வாயில் இரண்டு குண்டூசி. அக்கா சொல்லச் சொல்ல, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள்.

"சுத்தி வளைக்காத. அப்பா படத்த வரி ஆபீஸ்ல குடுக்கணும், அதானே?"

"படத்த இல்லடி, பில்ல."

"ரெண்டும் ஒரே தாளுதானே. திரும்பக் குடுப்பாங்களா?"

ஓவியக்காரிக்குப் பொய் வாய்வரை வந்தது. "ஃபைல்லதான் வச்சுப்பாங்களாம்," என்றாள்.

"அப்ப முடியாது."

"என் பொழப்புடி அது."

"ஊருக்கெல்லாம் பில்ல வாரிக் குடுத்தது யாரு? நானா? அப்பா போட்டோ வீட்ல ஒண்ணாவது உருப்படியா இருக்கா சொல்லு. எல்லாத்துலயும் கண்ண மூடிட்டு நிப்பாரு. இது ஒண்ணுதான் இருக்கு எனக்கு."

"எனக்கு மட்டும் அப்பா இல்லையா?"

"உனக்குத்தான் கை இருக்கே. இன்னொண்ணு வரஞ்சுக்க."

சுருக்கென்றது ஓவியக்காரிக்கு. மூன்று வருஷமாக முயன்று பார்த்துத் தோற்ற காரியம் அது, மூக்கு வரும், முகம் வராது. அதைத் தங்கையிடம் சொல்ல ரோஷம் விடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வரி ஆபீசில் மூன்றாவது மாடி. அதிகாரி நாற்பது வயதுக்காரர், குரலை உயர்த்தாதவர். அதுதான் பயமாக இருந்தது, கத்துகிறவரையாவது பதிலுக்குக் கத்தலாம். அவள் கொண்டுபோன சில்லறை பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்பக்கம் திருப்பியபோது காதும் கொம்பும் சைக்கிள் சக்கரமும் தெரிந்தன. எல்லாவற்றையும் ஓரமாக அடுக்கினார்.

"பெயின்ட் பில்?"

"இருக்கு சார். இப்ப கையில இல்ல."

"இன்னிக்குதான் கடைசி. பன்னெண்டரைக்கு எழுதிடுவேன் மேடம்."

பன்னிரண்டரை ஆனது. மனிதர் சொன்ன சொல் தவறவில்லை, பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். ஓவியக்காரி தலைகீழாக அந்த எழுத்தைப் படித்தாள். 'ஆதாரம் இல்லாததால்' என்ற வரியில் கை போய்க்கொண்டிருந்தது. எண்பத்தைந்தாயிரம், இரண்டு ஜன்னல், ஒரு கூரை, எல்லாம் அந்தப் பேனா முனையில் போய்க்கொண்டிருந்தன.

கதவு தள்ளப்பட்டது. தங்கை நின்றாள், மூச்சிரைக்க, துப்பட்டாவில் சுற்றிய சட்டத்தை மார்போடு பிடித்துக்கொண்டு.

"சார், எழுதாதீங்க," என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, "ரூம் போச்சுன்னா பலகையும் டப்பாவுமா என் வீட்டுக்குத்தான் வந்து உக்காருவ. அதுக்கு இது எவ்வளவோ தேவல."

மேஜைமேல் சட்டத்தைக் கவிழ்த்து, ஆணிகளைக் கத்தரிக்கோல் நுனியால் நெம்பினாள். அதிகாரி பேனாவை மூடினார். மஞ்சள் தாள் வெளியே வந்தது. கடைப் பெயர், தேதி, வரிசையாக நிறங்கள், அடியில் மொத்தத் தொகை, எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"சரியா இருக்கு," என்று அவர் முத்திரைக் கட்டையை எடுத்தார். "தொகை மேல சீல் விழணும்."

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் தாளில் கைவைத்தார்கள். அந்தக் காகிதம் வெங்காயத்தோல் கனம்தான் இருக்கும், மை அந்தப் பக்கம் ஊறும். தொகை எழுதியிருந்த முனையில்தான், பின்பக்கம், அப்பாவின் தலை.

"வேற எங்கயாவது குத்தலாமா சார்?" என்றாள் தங்கை.

"தொகைய தொடணும். அது விதி."

"தொட்டா போதுமா? முழுசா மூட வேண்டாமே?" இது ஓவியக்காரி.

அவர் கொஞ்சம் யோசித்து, "தொட்டா போதும்," என்றார்.

ஓவியக்காரி தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சத்தில் எழுத்தும் முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. இரண்டுக்கு நேரே நெற்றி, நாலுக்கு நேரே கண். கடைசிச் சைபர் தலையணையில் இருந்தது. பென்சிலால் அந்தச் சைபரின் ஓரத்தில் மெல்லிய பிறை போட்டாள். இருபது வருஷமாகச் சுவர் அளந்த கை அது.

"இதுக்கு வெளியில வச்சுக்குங்க சார்."

அதிகாரி எழுந்து நின்று, குனிந்து, கட்டையைச் சாய்த்துப் பிடித்து அழுத்தினார். திருப்பிப் பார்த்தார்கள். தலையணையில் ஊதாக் கறை, காது மடலில் ஒரு பொட்டு. முகம் தப்பித்தது.

அவர் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். "யாரையோ பாத்துட்டு இருக்காரே," என்றார். பிறகு அதைக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார். "செலவு ஏத்துக்கறேன். ஏழு வருஷம் கழிச்சு எழுதிக் குடுத்தா தாள் திரும்பக் கிடைக்கும். அதுக்கு ஒரு ரசீது தர்றேன்."

"என் பேர்ல போடுங்க," என்றாள் தங்கை.

"கணக்கு இவங்களோடது மேடம்."

"தாள் என்னோடது."

அவர் ஓவியக்காரியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். தங்கை பேரில் எழுதினார்.

மாடிப்படியில் வெறும் சட்டத்தோடு தங்கை முன்னால் இறங்கினாள். ஓவியக்காரிக்கு அறை மிஞ்சிய சந்தோஷம் வரவேயில்லை.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"சொல்லாத." இரண்டு படி இறங்கி நின்றாள் தங்கை. "ஒண்ணு சொல்லட்டுமா? நேத்து சண்ட போட்டேன்ல, அதுக்குக் காரணம் போட்டோ இல்லாதது மட்டும் இல்ல. சின்னதிலேர்ந்து அப்பாக்கு நீதான். எம்மக படம் போடறா, எம்மக சுவர் வரையறான்னு ஊரெல்லாம் சொல்வாரு. நான் தைச்சுப் போட்ட சட்டய மாட்டிக்கிட்டே சொல்வாரு. ஆனா அன்னிக்கு கட்டில்ல அவர் உன்ன பாக்கல. ரெண்டு மணி நேரமும் என்னயே பாத்துட்டு இருந்தாரு. அந்தப் படத்துல அது இருக்கு. அதனாலதான் கேட்டு வாங்கினேன். உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவியேன்னு இத்தன நாள் சொல்லல."

ஓவியக்காரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்டி," என்றாள். "நான்தானே வரஞ்சேன்."