பதிவேட்டில் எழுதிய ஊர்

ஹாங்காங் கோர்ட்டில் அன்று ஷெக் காம்சூய் ஜெயித்துவிட்டான். கடலுக்கு அந்தப் பக்கம், கவ்லூன் கோட்டையில் உட்கார்ந்திருந்த சீன அதிகாரி அவனை ஒப்படைக்கச் சொல்லி எழுதியிருந்தார். ஏழாம் மாதம் உப்புப் படகைக் கொள்ளையடித்து மூன்று பேரை வெட்டியவன் இவன்தானாம். அங்கே விசாரணை என்பது பேருக்குத்தான். போனால் தலை போகும். ஆனால் அந்த ஏழாம் மாதம் முழுக்க ஷெக் கயிறு திருடிய குற்றத்துக்காக ஹாங்காங் சிறையில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தான். சிறைப் பதிவேட்டைக் கொண்டுவந்து பாருங்கள் என்று அவனே கேட்டான். வெள்ளைக்கார நீதிபதி அதை வரி விடாமல் படித்துவிட்டு, ஒப்படைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்.

வாசலில் நின்ற அவன் மனைவி மூய்க்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நீதிபதி இன்னும் எழுந்திருக்கவில்லை. திருட்டுப் பயலை இங்கே வைத்திருக்க முடியாது, ஐந்து வருடம் நாடு கடத்துகிறேன் என்றார். சொந்த ஊருக்கு அனுப்புவதுதான் வழக்கம். அந்த ஊரும் பதிவேட்டில் அதே பக்கத்தில் இருந்தது: கவ்லூன் கோட்டை.

எழுதச் சொன்னதே ஷெக்தான். படகில் பிறந்து படகிலேயே சாகிற ஜனம் அவனுடையது. கரையில் இருப்பவர்கள் அவர்களை மனுஷராகவே மதிப்பதில்லை. அதனால் யாராவது ஊர் எதுவென்று கேட்டால் கரையில் ஏதாவது ஓர் ஊரைச் சொல்லிவைப்பது அவர்கள் பழக்கம். இவன் ஒருபடி மேலே போய், கவ்லூனில் தாத்தா கட்டிய வீடும் கிணறும் இருப்பதாகச் சிறைக் குமாஸ்தாவிடம் அளந்துவிட்டிருந்தான். கயிறு திருடி மாட்டிக்கொண்டவனுக்கு என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறதோ!

இப்போது அந்தக் கௌரவத்தையும் விட்டான்.

"ஐயா, எனக்கு ஊரே கிடையாதுங்க. நான் படகுக்காரன். எங்கம்மா என்னைப் பெத்ததே படகுலதான்."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் லோ அதை நீதிபதியிடம் சொல்லி, பதிலோடு திரும்பினார்.

"இந்த நோட்டை நம்புங்கன்னு நீதானேப்பா கேட்டே? துரையும் நம்பிட்டாரு. தேதி நிஜம், ஊரு பொய்யின்னா எப்படி?"

"அங்க போனா வெட்டிருவாங்கய்யா."

"அது அவங்க பாடு. நாங்க உன்னை ஒப்படைக்கலையே."

நீதிபதி இரக்கமில்லாதவர் அல்ல. கையில் விலங்கு வேண்டாம் என்று உத்தரவு போட்டார்; பகல் சாப்பாடும் போடச் சொன்னார். சோற்றை ஷெக் தொடவில்லை.

போலீஸ் படகு கிளம்பியதும் மூய் தன் படகைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே துடுப்பு வலித்தாள். கவ்லூன் துறையில் அதிகாரியின் ஆட்கள் நான்கு பேர் காத்திருந்தார்கள். போலீஸ்காரர் அவர்களிடம் ஒரு காகிதத்தை நீட்டி, இது ஒப்படைப்பு அல்ல, வெறும் நாடு கடத்தல் என்று விளக்கினார். அவர்களும் மரியாதையாகத் தலையாட்டிக் கைநாட்டு வைத்தார்கள்.

மூய் கரை சேர்வதற்குள் அவனை மண்டியிட வைத்திருந்தார்கள்.