ரயில் தெரியாமல் ஒரு படம்

குப்பம்மாள் எந்த இடத்தில் உட்காருவாள் என்ற சண்டையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கும்மிடிப்பூண்டியில் சாயங்காலம் கிளம்பும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், வாசலை அடுத்து எதிரெதிராக இருக்கும் இரண்டு நீள இருக்கைகள் பல வருஷமாக ஒரே கூட்டத்தின் வசம் இருந்தன. எல்லாரும் சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். குப்பம்மாள் அங்கே ஒரு கேன்டீனில் பாத்திரம் துலக்கியவள். ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாசி பிறந்தும் அவள் பேச்சு ரயிலில் ஓயவில்லை.

"சன்னலோரந்தான்டி உக்காரும். காத்து வேணும்னு சண்ட போட்டுக்கினே இருக்குமே," என்றாள் சம்பூர்ணம். கூட்டத்தில் அவள்தான் மூத்தவள், உடம்பிலும் பெரியவள்.

"இன்னாக்கா பேசுற? சன்னலோரம் நான். அது இந்தக் கோடியில உக்காந்துக்கினு ஒயர் கூடைய காலுக்கு நடுவுல வச்சிக்கும்," என்றாள் ஈஸ்வரி.

"சன்னல நீ இன்னா டிக்கெட்டோட சேத்து வாங்கினியா?"

"ஹெலனக் கேளு. அதான் நாலு வருசமா கேமராவுல படக்கு படக்குன்னு எடுத்துக்கினு கீதே."

ஹெலன் போனைத் தடவி குப்பம்மாளின் படத்தை எடுத்தாள். வெற்றிலைக் கறை படிந்த உதடு, இரண்டு பக்க மூக்குத்தி, கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் கத்தி தீட்டினாற்போல இருந்தது. குப்பம்மாளின் மகன் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருந்தான். ஆனால் முகத்துக்குப் பின்னால் பச்சையாக ஒரு தீற்றல், வெள்ளையாக ஒரு தீற்றல், அவ்வளவுதான்.

"பச்சையா கீதே, அது சன்னலுக்கு வெளிய வயலு," என்றாள் சம்பூர்ணம்.

"அது என் பொடவக்கா!"

யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். ஹெலனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்று அத்திப்பட்டில் வீட்டுக்குப் போனதும் நாலு வருஷப் படங்களையும் திறந்து பார்த்தாள். முகங்கள். முகங்களைத் தவிர வேறொன்றுமே இல்லை. ஈஸ்வரி ஈரத் துணியில் சுற்றிய பூவைச் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவாள், கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் பெட்டி முழுக்க மல்லிகை மணக்கும். அது எதிலும் இல்லை. மடியில் செய்தித்தாளை விரித்துக் கீரை ஆய்கிற நாலு ஜோடிக் கைகள் இல்லை. ஆடி மாதம் தூக்குவாளியில் வந்த கூழை ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்தது, கிறிஸ்துமஸுக்கு ஹெலன் கொண்டுபோன கேக்கை டிக்கெட் அட்டையால் வெட்டியது, பொன்னேரியில் பழவேற்காட்டு மீன் கூடைகள் ஏறும்போது எல்லாரும் காலைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொள்வது, ஒன்றுமே இல்லை. இத்தனையும் அவள் கண் முன்னால்தான் நடந்தன. கேமராவும் கையில்தான் இருந்தது.

குற்றம் பாதி லென்ஸுடையது. ஹெலனிடம் இருந்தது பழைய கேமரா, கிராப் சென்சார் வகை. படத்தை வாங்கும் சில்லு சின்னது. லென்ஸ் கொண்டுவந்து கொடுக்கும் காட்சியின் நாலு ஓரத்தையும் அது கத்தரித்துவிடும். அதில் ஐம்பது எம்எம் லென்ஸைப் போட்டால் எண்பது போலத்தான் வேலை செய்யும். எதிர் இருக்கையில் இருப்பவரை எடுத்தால் முகம் மட்டும் விழும், மற்றதெல்லாம் பஞ்சாகக் கரையும். ஹெலனுக்கும் அதுதான் வசதியாக இருந்தது. கூச்சக்காரி. வாசல் கம்பியோடு ஒட்டி நின்று, யாருக்கும் தொந்தரவில்லாமல் தூரத்திலிருந்து முகத்தைக் கிள்ளி எடுத்துக்கொள்வாள். பின்னணியைக் கரைப்பதுதான் திறமை என்று அப்போது நினைத்திருந்தாள்.

இப்போது நினைத்து என்ன செய்ய? பங்குனியிலிருந்து அவள் கம்பெனி தொழிலாளருக்கு பஸ் விடப்போகிறது. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் பூமிகா ஏழு மாத கர்ப்பிணி, அவளும் மாசியோடு நின்றுவிடுவாள். இன்னும் இரண்டு பேர் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு இருக்கைக் கூட்டம் கலைவதற்கு முன்னால், முகங்களோடு ரயிலும் சேர்ந்த ஒரு படம் வேண்டும். அதற்கு அகலமாகப் பார்க்கும் லென்ஸ் வேண்டும்.

எந்த லென்ஸ்? முப்பத்தைந்தா, இருபத்து நாலா? எண் குறையக் குறையக் காட்சி அகலும்.

கம்பெனியில் உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருப்பவள் ஹெலன். அளக்காமல் எதையும் நம்பமாட்டாள், அளந்த பிறகும் தன்னை நம்பமாட்டாள். கேமராவோடு வந்த ஜூம் லென்ஸை எடுத்து, வளையம் நகராதபடி முப்பத்தைந்தில் நிறுத்தி, கறுப்பு டேப்பைச் சுற்றினாள். ஒரு வாரம் காலை ரயிலில் அதே அளவில் எடுத்தாள். அடுத்த வாரம் இருபத்து நாலில் நிறுத்தினாள். முப்பத்தைந்தில் ஒரு பக்க இருக்கை அழகாக விழுந்தது, எதிர்ப் பக்கத்திலிருந்து முழங்கால்கள் மட்டும் வந்தன. இருபத்து நாலில் இரண்டு பக்கமும், சன்னல் கம்பியும், மேல்தட்டுப் பைகளும், கழற்றிப்போட்ட செருப்புகளும் வந்துவிட்டன. ஆனால் படத்தின் ஓரத்தில் இருந்தவர் பக்கவாட்டில் இழுபட்டுப் போனார். ஓரத்தில் இருந்தது சம்பூர்ணம்.

"ஏண்டி, நான் இன்னா அரிசி மூட்டையா? கீறது போதாதுன்னு நீ வேற இழுத்து வச்சிருக்க."

"ஓரத்துல இருந்தா அப்படித்தாங்க்கா விழும்."

"அப்ப ஈஸ்வரிய ஓரத்துல போடு. அதுக்குதான் கொஞ்சம் சத வேணும்."

அந்த ஜூம் லென்ஸையே வைத்துக்கொள்ள முடியாது. காலை வெயிலில் சரி, சாயங்காலம் குலுங்குகிற பெட்டியில், அரை வெளிச்சத்தில், அது எல்லா முகத்தையும் மெழுகிவிடும். வெளிச்சத்தை நன்றாக வாங்கும், ஒரே அளவில் நிற்கிற பிரைம் லென்ஸ்தான் வேண்டும்.

இதற்கு நடுவில்தான் சம்பூர்ணம் ஒரு முடிவெடுத்தாள்: பூமிகாவுக்கு ரயிலிலேயே வளைகாப்பு. பூமிகா பள்ளிப்பட்டுக்காரி. கூட வேலை பார்த்த சபரிநாதனைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டவள். அப்பா அன்றோடு பேச்சை அறுத்துவிட்டார். அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் போனில் பேசுவாள். சபரிநாதனுக்கோ தாய் தகப்பன் இல்லை. செய்யவேண்டியவர்கள் யாரும் செய்யவில்லையென்றால் நாம் செய்வோம் என்று சம்பூர்ணம் சொன்னதும், பூமிகா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வரும்போது பூமிகா ஹெலனின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, நீதானே படம் எடுப்ப? ரயில் தெரியாம எடுக்கா."

"ஏன்?"

"மீஞ்சூர்ல மண்டபம் புடிச்சு, அவர் சொந்தக்காரங்க செய்றாங்கன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். ரயிலுப் பொட்டில வளைகாப்புன்னு தெரிஞ்சா அது தாங்காது. நைனாவுக்குத் தெரிஞ்சா, நான் அப்பவே சொன்னேன்லன்னு நாக்குல பல்லு போட்டுப் பேசுவாரு. குப்பம்மா ஆயாவ எடுத்தியே, அந்த மாதிரி. மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு, பின்னாடி எதுவுமே தெரியக்கூடாது."

"சரி" என்று சொல்லிவிட்டாள் ஹெலன். வேறென்ன சொல்வது? ஆனால் எந்த நாளில் கூட்டம் முழுசாக இருக்குமோ அந்த நாள், ரயிலை மறைக்கவேண்டிய நாளாகவும் போய்விட்டது.

சனிக்கிழமை பாரிமுனைக்குப் போனாள். ஒரு மாடியில் பழைய லென்ஸ்கள் விற்கும் கடை. கடைக்காரருக்குப் பேச்சில் சந்தேகமே கிடையாது.

"முப்பத்தஞ்சு எடுத்துக்கோங்க மேடம். உங்க கேமராவுல அது அம்பது மாதிரி. கண்ணால பாக்குற மாதிரியே இருக்கும். வெளிச்சமும் நல்லா வாங்கும். பின்னாடி அழகா கரைஞ்சிரும்."

"பின்னாடி இருக்கறது தெரியணுங்க."

"அப்ப இருபத்தி நாலு. ஆனா வெளிச்சம் கொஞ்சம் கம்மியாதான் வாங்கும். மூஞ்சிங்க சின்னதா வுழும். எங்க வச்சு எடுக்கப் போறீங்க?"

"ரயில்ல." ஹெலன் பையிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்தாள். காலி ரயிலில் இருக்கைக்கும் இருக்கைக்கும் இடையே அளந்து வைத்த தூரத்தைக் கடைத் தரையில் குறித்தாள். "கொஞ்சம் அந்த ஸ்டூல்ல உக்காருறீங்களா? நீங்க சம்பூர்ணம் அக்கா."

"யாரு?"

"ஓரத்துல உக்காருவாங்க."

அவர் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தார். ஹெலன் கண்ணாடி அலமாரியில் முதுகு இடிக்க நின்று இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முப்பத்தைந்து மனத்தை இழுத்தது. ரயில் பாதி தெரியும், பாதி தெரியாது, பூமிகாவுக்கும் தனக்கும் பொதுவாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. யோசித்தால், இரண்டு பேருக்குமே அது உதவாது. பூமிகாவின் பொய் பாதியில் நிற்கும், ரயிலும் பாதியில் நிற்கும். முகத்துக்கு ஐம்பது கையில் இருக்கிறது. இருபத்து நாலை வாங்கிக்கொண்டாள். படியிறங்கும்போதே, தப்பு செய்துவிட்டோமோ என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டி கிளம்புவதற்கு முன்பே வந்து இடம் பிடித்துவிட்டார்கள். பூமிகாவைச் சன்னலோரம் உட்கார வைத்தார்கள். தாம்பாளத்துக்கு இடமில்லாததால் சந்தனமும் குங்குமமும் டிபன் டப்பா மூடியில் வந்தன. புளிச்சோறு, தயிர்ச்சோறு, தேங்காய்ச்சோறு எல்லாம் மேல்தட்டில். ஹெலன் கேமராவை எடுத்ததும் பூமிகாவின் கண் லென்ஸுக்குப் போனது.

"அக்கா, இது கட்டையா கீதே. அது இல்லியே?"

"அதையும் வச்சிருக்கேன்." ஹெலன் ஐம்பதை மாற்றினாள். சந்தனம் பூசிய கன்னம், நெற்றியில் வியர்வை, தாழ்ந்த இமை. எந்த மண்டபத்திலும் எடுத்திருக்கலாம். கவரைப்பேட்டை வருவதற்குள் நல்ல படங்கள் நாலைந்து விழுந்துவிட்டன. பூமிகா திரையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

"பூமி, எனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கறேன். ரயிலோட. யாருக்கும் அனுப்ப மாட்டேன்."

பூமிகா கொஞ்சம் தயங்கினாள். "உன் போன்ல மட்டும் வச்சுக்கோ."

ஆனால் கணக்கு முழுவதும் காலிப் பெட்டியில் போட்டது. கவரைப்பேட்டையில் காலேஜ் பெண்கள் ஏறி, ஹெலன் நிற்பதாக வைத்திருந்த இடத்தை அடைத்துவிட்டார்கள். பின்னால் நகர முடியவில்லை. முழங்கையைத் தூக்கவே முடியவில்லை. வளையல் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பொன்னேரி வந்தால் இவர்கள் கூட்டத்திலேயே பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். நம் லட்சணம் இதுதான் என்று கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி முழிச்சிக்கினு நிக்கிற? சீட்டு மேல ஏறு!" என்று கத்தினாள் சம்பூர்ணம்.

"எல்லாரும் பாக்குறாங்கக்கா."

"பாக்கட்டும். நீயும்தான் நாலு வருசமா எங்கள பாத்த."

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து இடம் விட்டார். ஹெலன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஒருத்தி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள், இன்னொருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தலை மேல்தட்டில் இடித்தது. வாழ்நாளில் இத்தனை பேருக்கு நடுவில், இத்தனை உயரத்தில், அவள் நின்றதில்லை. இருபத்து நாலை மாட்டிக் கண்ணை வைத்தாள். எல்லாம் இருந்தது. வண்டி ஒரு வளைவில் சாய, எல்லாரும் ஒரே பக்கம் சரிந்து சிரித்த நேரத்தில் அழுத்தினாள்.

பொன்னேரி தாண்டியதும் கேமரா கைமாறிக் கைமாறிப் போனது.

"என் கை பாரு, ஒலக்க மாதிரி கீது. பேஜாரு பண்ணிட்டா," என்றாள் சம்பூர்ணம்.

"நான் வாயத் தொறந்துக்கினு கீறேன். அழிச்சிடு ஹெலனு," என்றாள் ஈஸ்வரி.

கடைசியாக அது பூமிகாவிடம் வந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு முன்னே எடுத்த படத்துக்குப் போனாள், திரும்ப இதற்கு வந்தாள். இன்னொரு தடவையும் அப்படியே செய்தாள்.

"அக்கா, அதுல நான் தனியா கீறேன்ல?"

"நீதானே பின்னாடி எதுவும் தெரியக்கூடாதுன்ன?"

"ஆமா." அவள் பெருவிரலால் திரையைத் துடைத்தாள். கன்னத்துக்கு நீண்டிருந்த கைகள், வளையலோடு நீண்டிருந்த கைகள், கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்க்கும் காலேஜ் பெண்கள், மேலே தொங்கும் பைகள். "பொண்ணு தனியா கீறான்னுதான் அம்மா தெனமும் அழும். அந்தப் படத்த அனுப்பினா மறுபடியும் அழும். இத அனுப்புக்கா."

"ரயிலு தெரியுமே."

"தெரியட்டும். திட்டினா வாங்கிக்கறேன்."

மீஞ்சூரில் அவளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள். படியில் கால் வைக்கும்போது இரண்டு கை வளையலும் ஒன்றாகக் குலுங்கின. வண்டி நகர்ந்தது. காலியான சன்னலோரத்தில் ஈஸ்வரிகூடப் போய் உட்காரவில்லை.

ஹெலன் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பூமிகாதான். குரல் அழுததா சிரித்ததா என்று தெரியவில்லை.

"அம்மா பேசுச்சுக்கா. மொதல்ல ஒரு மூச்சு திட்டுச்சு. அப்பறம் யாரு யாருன்னு கேக்குது. ஒவ்வொருத்தரா சொல்லிக்கினு கீறேன். சந்தனம் பூசறது யாரு, குண்டா கீறது யாரு, எல்லாம் சொல்லிட்டேன். செவப்புப் பொடவ கட்டிக்கினு ஓரத்துல ஒருத்தங்க நிக்கிறாங்களே, அவங்க பேரு இன்னாக்கா?"

ஹெலன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடம் விட்டு எழுந்து நின்ற அம்மா. ஓரத்தில் இருந்ததால் தோள் கொஞ்சம் இழுபட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், எதுவும் தெரியாது.

"தெரியலையே பூமி."

"அம்மா கேக்குதுக்கா. இன்னான்னு சொல்றது?"

அந்த அம்மாவின் உயர்த்திய கையில் பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு ஜோடி இருந்தது. இவர்கள் வாங்கிவந்த வளையல். நெரிசலில் யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள்.

"கையப் பாரு," என்றாள் ஹெலன். "நம்ம வளையல்தான் போட்டிருக்காங்க. அதைச் சொல்லு."