காய்க்காத செடியைக் கண்டிக்கும் முறை

வேதமாணிக்கம் அந்தக் கூட்டத்துக்குப் போனது செடி வளர்க்க அல்ல, வெயிலுக்கு ஒதுங்கத்தான். துறைமுகத்தில் சரக்குக் கொட்டகை கிளார்க்கு அவர். 1949-ஆம் வருஷம், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்து உள்ளே நுழைந்து உட்கார்ந்தார். மேடையில் ஓர் அதிகாரி, ரேஷன் காலத்தில் வீட்டுக்கு வீடு காய்கறி போட வேண்டிய அவசியத்தைப் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சந்துக்கும் ஒரு காரியதரிசி வேண்டும் என்று அவர் கேட்டபோது வேதமாணிக்கத்துக்குத் தூக்கத்தில் தலை ஆடியது. பெயரை எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு பூவாளி, ஒரு மண்வெட்டி, கொஞ்சம் விதைப் பொட்டலம், ஒரு கட்டு துண்டுப் பிரசுரம். நாசரேத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து இருபது வருஷத்தில் அவர் தொட்டியில் ஒரு துளசிகூட வைத்ததில்லை. ஆனால் காரியதரிசி என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. பழைய கரும்பலகை ஒன்றை வாங்கி வந்து, சந்தின் குழாயடிச் சுவரில் மாட்டினார். பிரசுரத்தில் உள்ளதை வாராவாரம் அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டார்.

முதல் வாரத்து வாசகம் இது: "தோட்டக்காரனிடம் சொல்லி, பங்களாவின் கிழக்குப் புறத்தில் முட்டைக்கோஸ் நாற்றங்கால் அமைக்கவும்."

அதைப் பள்ளிக்கூட டீச்சர் ஐரீன் குழாயடியில் உரக்கப் படித்தாள். குடத்தோடு நின்ற மீன்காரி ஃப்ளோரா கேட்டாள்: "அந்தத் தோட்டக்காரன் எப்ப வருவான்? வந்தா எங்க வூட்டுக் கூரைய கொஞ்சம் பாக்கச் சொல்லு."

ஆனாலும் பதினாலு வீட்டிலும் விதை போட்டார்கள். சும்மா கிடைத்த விதையை யார் விடுவார்கள்? பூவாளியை முறைவைத்து எடுத்துக்கொண்டார்கள். கிரேன் ஓட்டும் சவரிநாதன் வீட்டு முறையில் அது இரண்டு நாள் திரும்பவில்லை. பிள்ளைகளை அதன் கீழே நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கோஸ் முளைத்தது, இரண்டு இலை விட்டது, கிணற்று உப்புத் தண்ணீரும் கடற்காற்றும் பட்டுக் கருகியது. பீட்ரூட் அந்த மட்டுக்கும் வரவில்லை.

ஃப்ளோரா வீட்டில் மட்டும் பச்சை ஏறிக்கொண்டே போனது. கிழிந்த மீன்வலையைக் கூரைக்கும் சுவருக்கும் இழுத்துக் கட்டி, அதில் புடலும் பாகலும் ஏற்றியிருந்தாள். கீழே கத்தரி. சந்துப் பெண்கள் பலகையைப் படிப்பதை விட்டுவிட்டு அவள் வலையை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அவளிடம் விதையும் நாற்றும் வாங்கி, காரியதரிசி வீடு உட்பட வீட்டுக்கு வீடு பழைய வலை கட்டிப் புடலும் பாகலும் கத்தரியும் போட்டார்கள்.

வேதமாணிக்கத்துக்கு அது சுருக்கென்றது. ஒரு மீன்காரியிடம் போய்க் காரியதரிசி யோசனை கேட்பதா? கேட்காமல் இருந்தால் பலகையில் எதை எழுதுவது? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டார். சாயங்காலம் அவள் கூடையைத் தேடிப் போய் அரை வீசை நெத்திலி வாங்கினார். அவள் அளந்து போடும்போது, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "இந்தப் புடலைப் பூவெல்லாம் கொட்டிப்போகுதே, ஏம்மா?" என்றார்.

"மொதல்ல வர்றது ஆம்பளைப் பூ சார். அது சும்மா வந்துட்டுப் போவும். பின்னால வர்றதுதான் பொம்பளைப் பூ. அதுல காய் கீது."

மறுநாள் பலகையில், "முதற்கண் தோன்றும் மலர்கள் ஆண்பால் ஆதலின் உதிர்தல் இயல்பே. கலங்கற்க" என்று வந்தது.

அதிலிருந்து தினம் மீன்தான். ஒரு மீனுக்கு ஒரு யோசனை. காரப்பொடி மீன் வாங்கிய அன்று அரிசி கழுவின தண்ணீர். வாளை வாங்கிய அன்று, செடிப்பேன் பிடித்த இலைக்கு அடுப்புச் சாம்பல். அவர் மனைவி தேவகிருபை பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்க, நம்ம வீட்டுல யாராவது பூனையாப் பொறந்திருக்காங்களா?" என்று கேட்டாள். அவர் தட்டை நீட்டினார்.

சந்தில் காய் பிடிக்கத் தொடங்கியது. காரியதரிசி சார் என்ற பேச்சும் மறுபடி எழுந்தது. ஃப்ளோராவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் பயமில்லை என்று நினைத்திருந்தார்.

ஒரு காலையில் ஐரீன் குழாயடியில் பலகையை உரக்கப் படித்தாள்: "மீன் கழுவிய நீரை வேரினின்று ஒரு சாண் தள்ளி வார்க்கவும். பூனை தோண்டாதிருக்க முட்கிளை பரப்புக."

ஃப்ளோரா குடத்தைக் கீழே வைத்தாள். "இன்னொரு தபா படி டீச்சர்."

ஐரீன் படித்தாள்.

"இது நேத்து சார் சங்கரா மீனு வாங்கறப்போ நான் அவருக்குச் சொன்னது." பிறகு சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் வேதமாணிக்கம் கூடைக்கு முன்னால் குந்தினார். பூவிட்டும் காய்க்காத செடியை என்ன செய்வது என்று கேட்டார். ஃப்ளோரா முகத்தை ஜெபம் சொல்கிறவள் மாதிரி வைத்துக்கொண்டாள்.

"அதுக்குத் திமிரு சார். வூட்டு ஆம்பள காலங்காத்தால எழுந்து போய், சத்தமா நாலு வார்த்த திட்டணும். மெல்லச் சொன்னா கேக்காது."

அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனால் இதுவரை அவள் சொன்ன எதுவும் தப்பியதில்லை. எழுதிவிட்டார்: "காய்க்காத செடியை, குடும்பத் தலைவர் வைகறையில் உரத்த குரலில் கண்டிக்க வேண்டும்."

மறுநாள் விடிந்தபோது சந்து முழுக்க ஆண்கள் முண்டா பனியனோடு செடிகளுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். சவரிநாதன் தன் கத்தரியைப் பார்த்து, "தண்ணி ஊத்துறன், சாம்பல் போடுறன், துன்னுகினு சும்மா நிக்கிறியா சோமாரி? வெக்கமா இல்ல?" என்று போட்ட சத்தத்தில் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வேதமாணிக்கமும் தன் பாகலுக்கு முன்னால் நின்றார். கொட்டகை மேஸ்திரியைக்கூடக் கடிந்து பேசாத மனிதர். தொண்டையைச் செருமி, "நீ செய்வது நியாயமில்லை. ஆடி மாதத்திலிருந்து பொறுத்துவிட்டேன்" என்றார். பின்னால் தேவகிருபை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

குழாயடியில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நடுவில் ஃப்ளோரா நின்றாள். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காது சிவக்க நடந்துபோய்ப் பலகையை ஈரத்துணியால் துடைத்தார். அப்புறம் எழுதவில்லை. மீனும் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஃப்ளோராவே அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா சார், போர்டு காலியா கீது?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ சொன்னதையெல்லாம் நான் சொன்ன மாதிரி எழுதிட்டேன்மா. தப்புதான். அந்த மீனெல்லாம் அதுக்குத்தான் வாங்கினேன்."

"அது தெரியும். நெத்திலிய தல கிள்ளாம கொழம்புல போடுற வூடுன்னு உங்க வூட்டம்மா சொல்லிச்சு. ஒருத்தருக்கும் மீன் ருசியே தெரியல." அவள் படியில் உட்கார்ந்தாள். "எனக்கு எழுத வராது. உனக்கு வளக்க வராது. சவரிநாதன் பொஞ்சாதி இலையில புழுன்னு வந்து அழுவுது. எழுது. ஆனா எம்பேரப் போட்டு எழுது. நான் பேசுற மாதிரியே எழுது. கலங்கற்கன்னா எனக்கு இன்னா புரியும்?"

அன்று சுண்ணாம்புக் கட்டியோடு வேதமாணிக்கம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அழுதுகினு என்பதற்கு எந்த னு என்று ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினார்: "ஃப்ளோரா சொல்றது: புழுவ கையால பொறுக்கு. வேப்பெண்ணைய சோப்புத் தண்ணில கலந்து தெளி. அழுதுகினு நிக்காத." ஐரீன் டீச்சர் எழுத்துப் பிழை என்று சுண்ணாம்பை எடுத்தபோது, அவரே குறுக்கே போய்த் தடுத்தார்.

இதற்கிடையில் சவரிநாதனின் கத்தரி காய்த்துவிட்டது. திட்டாமல் இருந்தாலும் அந்த வாரம் காய்த்திருக்கும் என்று ஃப்ளோரா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். அவன் நம்பவில்லை, தக்காளிக்கும் சேர்த்துத் திட்டத் தொடங்கினான்.

புரட்டாசி கடைசியில் ஃப்ளோரா வானத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதச் சொன்னாள். மழைக்கு முன்னால் செடியைச் சுற்றி மண்ணை மேடு கட்டணும். தண்ணி ஓட வாய்க்கால் இழுக்கணும். நனைஞ்ச வலை கனக்கும், அதனால நடுவுல ஒரு கழி முட்டுக் கொடுக்கணும்.

எழுதி முடித்துத் திரும்பியவரிடம், "உன் செடிக்கு யாரு செய்வா? தோட்டக்காரனா?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைமணி அடிக்கும்வரை வேதமாணிக்கம் மண் வெட்டினார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். கழி நேராக நிற்கவில்லை. தேவகிருபை வந்து பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து கட்டிய முதல் முடிச்சு அவிழ்ந்தது, இரண்டாவது நின்றது.

ஐப்பசியில் நாலு நாள் மழை. சந்தில் முழங்கால் தண்ணீர், பக்கத்துச் சந்திலிருந்து ஓலைக் கூடை ஒன்று மிதந்து வந்தது. ஐந்தாம் நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். மேட்டின்மேல் கொடி நின்றது. வலைக்குக் கீழே ஒரு சாண் நீளத்தில் ஒரே ஒரு பாகற்காய் தொங்கியது, தண்ணீர் சொட்டச் சொட்ட.

அதைப் பறித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தண்ணீரில் சலசலவென்று நடந்து ஃப்ளோரா வீட்டுக்குப் போனார். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல காய் சார். மொதக் காய் இது. கொடியிலேயே பழுக்க உட்டு விதைக்கு எடுத்து வெச்சிருக்கணும். அவசரப்பட்டுப் பறிச்சிட்ட."

அவர் முகம் விழுந்துவிட்டது. ஃப்ளோரா அதைப் பார்த்தாள். காயை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"போயி வறுத்துத் துன்னு. அதுக்கு முன்னால போர்டுல எழுதிட்டுப் போ: கிளார்க்கு மாதிரி முந்திக்கினு பறிக்காதீங்கன்னு."

வேதமாணிக்கம் குழாயடிக்குப் போனார். பாகற்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நனைந்த பலகையைத் துடைத்து, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே எழுதினார்.