டேவிஸ் அணை ஏற்றத்தில் பன்னிரண்டாயிரம் பவுண்டு

வெர்னா லிண்ட்குவிஸ்ட் அரிசோனாவின் கொளுத்தும் ஜூலையிலும் கம்பளிச் சட்டை அணிந்தே வண்டியேறுவாள். ஓட்டும்போது வானொலியைத் தொடமாட்டாள். இயந்திரத்தின் ஓசையே அவளுக்குப் போதும். ஒரு பிக்கப் வண்டி எவ்வளவு சுமையை இழுக்கும் என்று விளம்பரத்தில் அச்சிடப்படும் எண்ணை, டேவிஸ் அணை மலைச்சாலையில் ஏற்றிப் பார்த்து உறுதிசெய்வது அவளது பொறுப்பு. இம்முறை பன்னிரண்டாயிரம் பவுண்டு என்று நிறுவன மேலிடத்துக்கு அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். போட்டி நிறுவனத்தின் வண்டி அதனினும் இருநூறு பவுண்டு குறைவாகவே இழுக்கும்.

விதி எளியது. சுமைவண்டியை இழுத்துக்கொண்டு உச்சிவரை ஏறும்போது வேகம் மணிக்கு நாற்பது மைலுக்குக் கீழே இறங்கலாகாது. குளிரூட்டியும் முழு வீச்சில் ஓடவேண்டும்.

டெட்ராய்ட்டிலிருந்து புதிதாக வந்திருந்த பொறியாளன் கர்ட்டிஸ், மலையேறும் வண்டியில் அரைக்கைச் சட்டையுடன் அவளருகே நடுங்கிக்கொண்டிருந்தான்.

"பாஸ், வெளியில முட்டை பொரியுது. உள்ள நான் ஐஸ்கட்டியா ஆயிட்டிருக்கேன்!"

"ஸ்வெட்டர் கொண்டான்னு சொன்னேனா இல்லையா? பாலைவனத்துல ஸ்வெட்டரான்னு சிரிச்சியே, இப்ப நடுங்கு."

கடைசிச் செங்குத்தில் வேகமானியின் முள் நாற்பத்தொன்றுக்குச் சரிந்தது; பின் நாற்பதை ஒட்டி வந்தது. திடீரென இயந்திரத்தின் முனகல் இளகிற்று. முள் நாற்பத்திரண்டுக்கு ஏறியது. உச்சியும் வந்தது.

"ஜெயிச்சிட்டோம் பாஸ்!" என்று கர்ட்டிஸ் கூவினான்.

வெர்னா வண்டியை ஓரங்கட்டினாள். குளிரூட்டியின் குமிழ் பாதியில் நின்றிருந்தது.

"இதை யாரு திருப்பினது?"

"நான்தான். விரலெல்லாம் மரத்துப்போச்சு. கொஞ்சம்தானே குறைச்சேன்?"

"அது தின்னுக்கிட்டிருந்த சக்தி சக்கரத்துக்குப் போயிடுச்சுப்பா. அதான் வேகம் கூடிச்சு."

கர்ட்டிஸின் முகம் சுருங்கியது. "ஐயோ, அது தோணவேயில்லையே! ஆனா பாஸ், கடைசி ஒரு மைல்தானே? நாப்பதுக்குக் கீழ போகவே இல்லையே."

"நீ கை வைக்கலைன்னா போயிருக்குமா இல்லையா? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஏறும்னுதான் நெனைக்கிறேன். என் வண்டியை எனக்குத் தெரியும்."

"மறுபடி ஓட்டி, ஏறலைன்னா? மேலிடத்துல உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்களே!"

"ஆக்கட்டும்."

வெர்னா வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினாள்.

"இந்த ஓட்டம் செல்லாது. அதே சுமையோட திரும்ப ஏறுவோம். நாப்பது நிக்கலைன்னா, விளம்பரத்துக்குப் பவுண்டு எண்ணிக்கையைக் குறைச்சுக் குடுத்துடுவேன்" என்றாள்.