சங்கிலியம்மாளுக்கு வராத காய்ச்சல்

1

பொறாமையில் பிறந்த கதை இது. 2006இல் சிக்குன்குனியா வந்து நான் கட்டிலோடு கிடந்தபோது, ஜெயமங்கலத்தில் ஒருத்திக்கு மட்டும் அது வரவேயில்லை என்று கேள்விப்பட்டேன். உடனே எழுதினேன்: ‘சங்கிலியம்மாளின் ரத்தத்தில் ஒரு காவல்தெய்வம் குடியிருந்த...’

(அடித்துவிட்டேன். அவள் கேட்டால் சிரிப்பாள்.)

2

தெருவே மூட்டுகளைப் பிடித்துக்கொண்டு முடங்கியபோது அவள்தான் தண்ணீர் சுமந்தாள், வீடு வீடாகக் கஞ்சி ஊற்றினாள். “ஒனக்குத்தான் வராதே ஆத்தா” என்று எல்லா வேலையையும் அவள் தலையில் கட்டினார்கள்.

அவள் மகள் கயல் மேகமலை எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டவள், நிறைமாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். காய்ச்சல் பிடித்த ஊருக்கு எப்படி அழைப்பது? தனக்கு வரவில்லை, மகளுக்கும் தன் ரத்தம்தானே, வராது என்று நம்பினாள்.

3

அந்த நம்பிக்கையைச் சோதிக்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. ஜெபஷீலா வந்தாள். தேனி பஜாரில் கடை வைத்திருப்பவரின் மகள், மதுரையில் ஆராய்ச்சி மாணவி. ஒரே கொசு கடித்தும் ஒருவர் விழ, இன்னொருவர் நடமாடுவது ஏன், நோயை எதிர்க்கும் ஜீன்களில்* காரணம் இருக்கிறதா என்று தேடுகிறவள். ரத்தம் எடுக்க அவளிடம் கையை நீட்டிய சங்கிலியம்மாள், “எம் மகளுக்கும் வராதுன்னு மட்டும் சொல்லிரு பாப்பா” என்றாள்.

(* மரபணுக்கள். பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து வருபவை. ஆளுக்கு ஆள் இத்தனை வகை காவலா என்று படிக்கும்போதே வாய் பிளந்தேன்.)

4

“அக்கா, ஒங்களுக்கும் காய்ச்சல் வந்து போயிருக்கு. ரத்தத்துல தடயம் இருக்கு” என்றாள் ஜெபஷீலா.

சங்கிலியம்மாள் தலை குனிந்துகொண்டாள். “மூட்டு வலிச்சுச்சுதான். ஒடம்பும் கொஞ்சம் காஞ்சுச்சு. வீட்டுக்காரரும் படுத்துட்டாக. நானும் படுத்தா கஞ்சி யாரு வைக்கிறது?”

“ஒங்க ஜீனு நல்லா எதுத்து நின்னுருக்கலாம்.”

“கயலுக்கு?”

“ஒங்ககிட்ட இருந்து எந்தப் பாதி அவளுக்குப் போச்சோ. தெரிஞ்சாலும் வராதுன்னு சொல்ல முடியாதுக்கா. பிரசவ நேரத்துல வந்தா பிள்ளைக்கும் தொத்திரலாம்.”

(இவளை நிமிர்த்தி வைத்தது ஜீனா, மனசா? இரண்டு பத்தி விவாதித்தேன். இரண்டையும் கும்பிட்டுவிட்டுக் கிழித்துப்போட்டேன்.)

5

முடிவு ஒன்று: கயலை அழைத்துவந்து கொசுவலைக்குள் வைக்கிறாள். ஆனால் இந்தக் கொசு பகலில் கடிக்கிறது. எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: கயல் மலையிலேயே இருக்கிறாள். குளிர், கொசு குறைவு. ஆனால் நல்ல ஆஸ்பத்திரி கீழே சின்னமனூரில். வழியோ...

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சங்கிலியம்மாள் பையைக் கட்டிவிட்டாள்.

“சம்பந்தி வீட்டுல போயி உக்காந்து பிரசவம் பாப்பியாக்கும்? ஊரு என்ன சொல்லும்?” என்றார் புருசன் பேச்சிமுத்து.

“ஊருக்குக் கஞ்சி ஊத்தியாச்சு. இனி எம் மகளப் பாக்கணும்.”

சின்னமனூரில் ஜீப்பில் ஏறி, வீங்கிய முழங்காலை நீவியபடி டிரைவர் கர்ணனிடம் கேட்டாள்: “வலி எடுத்தா இந்த வண்டியில கீழ எறங்கிரலாமா?”

“மழை இல்லேன்னா எறங்கிரலாம்த்தா.”

ஜீப் புறப்பட்டுவிட்டது. மலைமேல் மேகம் நிற்கிறது. அதைப் பெய்யவைப்பதா வேண்டாமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன். எழுதுமுன் அந்த முழங்காலைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.